துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

தேன்மொழிக்கு நைனா எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நேற்றுதான் போனில் பேசினோம். இங்கே நாங்கள் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. நேற்று நீ போனை வைத்ததிலிருந்து பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கொட்டகையில் கரண்ட் இருக்கிறது, மல்லாட்டை மூட்டை வாசல்வரை அடுக்கிக் கிடக்கிறது, கடலை உடைக்கிற மிஷினைப் போடத்தான் மனசு வரவில்லை. சிங்கவரத்திலிருந்து மூட்டையோடு வந்தவர், "இன்னாண்ணே, மிஷினு ரிப்பேரா?" என்று கேட்டார். "மிஷினு நல்லாத்தான் இருக்குது, நான்தான் ரிப்பேரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போனில் உன்னிடம் இதைப் பேச முடியாது. பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அவள் பிடுங்காவிட்டால் நீ "சரி நைனா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவைப்பேன், நிதானமாகப் படி.

அதிர்ச்சி எனக்குப் புதிதில்லை, நீ போன வருஷமே ஒன்று கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் வந்தாய். "நைனா, ஒண்ணு காட்டுறேன், பயப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தாய். உள்ளே பஞ்சு மெத்தை வைத்து அழகாகப் படுக்க வைத்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "டிரில்லிங் மிஷினா? வூட்டுக்கு வாங்கினியா?" என்றேன். உன் அம்மாதான் எட்டிப் பார்த்துவிட்டு, "அட பாவி, துப்பாக்கிங்க அது!" என்று கத்தி, குண்டு இந்தப் பக்கம் வந்துவிடும் போல போனை டேபிள் மேல் குப்புறக் கவிழ்த்தாள். பெட்டியில் காலியாகக் கிடக்கிற துப்பாக்கி டெக்சாஸில் இருக்கிறது, இவள் செஞ்சியில் கதவைச் சாத்துகிறாள். "நம்மூர்ல பீரங்கியே மலை மேல சும்மா கெடக்குது, இவளுக்கு இன்னாத்துக்குத் துப்பாக்கி?" என்று அன்றைக்குப் பூரா புலம்பினாள். எனக்கும் பயம்தான், அவள் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை. அடிபட்டு வருகிறவர்களுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் கட்டுப் போடுகிற நர்ஸ் நீ. குண்டடி பட்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறாய். உனக்கு எப்படி இது பிடித்தது என்று கேட்டேன். "அது இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும் நைனா. தெரிஞ்சவதான் ஒழுங்கா புடிப்பா" என்றாய். கிரீன் கார்டு இருக்கிறது, கடையில் சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். சரி, என் பெண் கிறுக்கு வேலை செய்ய மாட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் வாராவாரம் அதைப் பற்றியே பேசினோம், ஞாபகம் இருக்கிறதா? மனுஷனைச் சுடுவதில்லை, அட்டையையும் இரும்புத் தட்டையும் சுட வேண்டும், மணிச் சத்தம் கேட்டதும் பலகைத் தடுப்புக்கு நடுவே ஓடி ஓடிச் சுட வேண்டும், பின்னாலேயே ஒரு ஆபீசர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வருவார், தப்பான பக்கம் துப்பாக்கி திரும்பினால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார் என்றெல்லாம் சொன்னாய். அந்தப் பெட்டியில் இருந்தது பழகுவதற்குத்தான், அதைக் கொடுத்துவிட்டுப் போட்டிக்கென்று இரட்டை வரிசைத் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றாய். சாதாரணத் துப்பாக்கியில் குண்டு அடைக்கிற கூடான மேகசினில் குண்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும், இதில் இரண்டு வரிசையாக இடைக்கு இடை நெருக்கி அடுக்கியிருக்கும், அதனால் நிறைய பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டாம். திருவண்ணாமலை பஸ்ஸில் பௌர்ணமிக்குப் போகிற கூட்டம் மாதிரியா என்று கேட்டேன். "அதேதான் நைனா" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் இரண்டு வரிசை வைப்பதால் பிடி தடித்துப்போகிறது, உன் கையோ சின்னக் கை. நீ மலைத்து நின்றது அங்கேதான். பேர் பெற்ற கம்பெனியில் உன் கைக்கு அளவெடுத்தே செய்து தருகிறார்கள், அந்த விலைக்கு இங்கே ஒரு புது மிஷினே இறக்கலாம்.

துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இரும்பு தெரியும், வாங்கி ஏமாறுவது எப்படி என்று தெரியும். திண்டிவனத்தில் பழைய மிஷின் ஒன்று பச்சைப் பெயின்ட்டில் பளபளவென்று நின்றதையும், நான் அட்வான்ஸ் கொடுக்கப் போன நேரத்தில் உன் அம்மா கொண்டை ஊசியை எடுத்து ஓரத்தில் சுரண்டி உள்ளே இருந்த துருவைக் காட்டியதையும் உனக்குச் சொன்னேன். பளபளப்புக்குக் காசு கொடுக்காதே என்றேன். தங்கக் கலர் குழாய் வேண்டாம், குழாயின் மேல் முன்னும் பின்னும் நகர்கிற மேல்மூடியில் அலங்கார ஓட்டை வேண்டாம். துருக்கியில் செய்த சாதா மாடல், உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கும் என்று நீ சொன்னாய் பார், அதை எடு என்றேன். எடுத்தாய். மிச்சப்பட்டதில் பிடியை மட்டும் மெலிசானதாக மாற்றச் சொன்னேன், விசையைக் குட்டையானதாக மாற்றும் வேலையை நீயே அரத்தை வைத்து ராவாமல் அதற்கென்று இருக்கிற ஆளிடம் கொடுக்கச் சொன்னேன். தேய்கிற ஸ்பிரிங்குக்குக் காசு வை, மேகசினை நாலாக வாங்கி வை, குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி தெரிகிற கண்ணாடியை மெதுவாக வாங்கிக்கொள், அதைவிட முக்கியம் குண்டு வாங்கிப் பழகுவது என்றேன். கைப்பிடியின் அடியில் புனல் மாதிரி ஒரு வாய் வைத்தால் மேகசினை வேகமாகச் சொருகலாம் என்று நீ சொன்னபோது, நம் மிஷினில் மல்லாட்டை கொட்டுகிற வாய் மாதிரிதானே, வாங்கு என்று நானே முந்திக்கொண்டேன். உன் துப்பாக்கியில் பாதி என்னுடையது என்கிற நினைப்பு வந்துவிட்டது. அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்தபோதுகூட, உன்னிடம் கல்யாணத்தைப் பற்றிப் பேசியதைவிட ஸ்பிரிங்கைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன்.

அந்த நினைப்பில்தான் ஆயுத பூஜை அன்றைக்கு அவ்வளவு அதிகாரம் செய்தேன். இங்கே மிஷினுக்கு, மோட்டாருக்கு, தராசுக்கு, உன் அம்மாவின் அரிவாள்மணைக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து முடித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ ஸ்டெதஸ்கோப்பையும் கார் சாவியையும் பலகையில் வைத்திருந்தாய். "அது எங்க?" என்றேன். "அது வேணாம் நைனா" என்றாய். "ஆயுத பூஜையில ஆயுதத்தை வெக்காம கார் சாவிய வெக்கிறியா?" என்று சத்தம் போட்டேன். எடுத்து வந்தாய். மேகசினைக் கழற்றி, மேல்மூடியைப் பின்னால் இழுத்து, காலியாக இருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் பலகையில் வைத்தாய். மேலே கடுகளவு பொட்டு வைத்தாய். எனக்கு அது போதவில்லை. "குண்டு தின்ற வாய்க்கு வெக்கணும்மா, நம்ம மிஷினுக்கு அங்கதான வெப்போம்" என்றேன். "உள்ள போச்சுன்னா சிக்கும் நைனா" என்று ஒரு தடவை சொன்னாய். ஒரே தடவை. "சாமி காரியத்துல சிக்கறதாவது, நல்லா அப்பு, மேகசினு எல்லாத்துக்கும் வை, ஒண்ணக்கூட வுடாதே" என்றேன். வைத்தாய். துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்றும் சொன்னேன். "சரி நைனா" என்றாய். எனக்கு அன்றைக்கு வயிறு நிறைந்துபோனது.

அந்த வாரம் உனக்குப் பெரிய போட்டி. அதில் தேறினால் வருஷக் கடைசியில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்று மாசக்கணக்கில் டியூட்டி மாற்றிப் பழகினாய். முடிந்ததும் கேட்டேன். "கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு நைனா, பரவால்ல, வுடு" என்றாய். நானும் விட்டுவிட்டேன். மனுஷனுக்கு மட்டுமா நேரம் சரியில்லாமல் போகிறது, இரும்புக்கும் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். காபி வேண்டாம் என்றார், ஏதோ வில்லங்கம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. "அண்ணே, தப்பா நெனச்சுக்காத, இது உன் பொண்ணா பாரு" என்று போனை நீட்டினார். யாரோ நெட்டில் போட்ட வீடியோ, கை மாறிக் கை மாறி அவலூர்பேட்டைக்கே வந்துவிட்டது. நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நீதான் ஓடுகிறாய். தேனு, உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மணி அடித்ததும் இரும்புத் தட்டு ஒவ்வொன்றாகப் படபடவென்று விழுகிறது, உன் முகத்தில் ஒரு துளி பதற்றம் இல்லை. எனக்கு வாய் பிளந்துவிட்டது. அந்த ஆள் என்னை அசிங்கப்படுத்த வந்திருக்கிறார் என்பதே மறந்து, "எம் பொண்ணுதான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் துப்பாக்கி நின்றுவிட்டது. உள்ளங்கையால் மேகசினின் அடியில் தட்டினாய், மூடியை இழுத்தாய், ஒரு குண்டு வெடித்தது, மறுபடியும் நின்றது. அந்த மேகசினை உருவிக் கீழே போட்டுவிட்டு இடுப்பிலிருந்து இன்னொன்றை எடுத்துச் சொருகினாய். அதுவும் நின்றது. அடுத்ததும் நின்றது. ஆபீசர் போதும் என்று கையைத் தூக்கிவிட்டார். கீழே கிடந்த மேகசினை ஒருத்தர் எடுத்து, அதன் வாயை விரலால் தேய்த்துப் பார்த்து, மஞ்சளாகக் காய்ந்த பொருக்கைக் காட்டி உன்னிடம் என்னமோ கேட்டார். நீ சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாய். தாய்மாமன் துப்பாக்கியைத்தான் பார்த்தார். நான் அந்த மஞ்சளை மட்டும்தான் பார்த்தேன்.

அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். "பையனோட அம்மா அழுவுது. துப்பாக்கி புடிக்கிற பொண்ணு நாளைக்கு வூட்ல இன்னா பண்ணுமோன்னு பயப்படுது. அத வித்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, வர்ற வெள்ளிக்கெழம தட்டு மாத்திக்கலாம்." மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவன் அம்மா பேச்சத் தட்ட மாட்டான்" என்று பெருமையாகச் சொன்னார். பெண் பார்க்க வந்தபோதும் இதே பெருமையைத்தான் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். அவர் போனதும் உன் அம்மா அழ ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, மண்டபமும் பார்த்தாயிற்று. உன்னைக் கூப்பிட்டு, "வித்துடும்மா, அதவுட கல்யாணம் முக்கியம்" என்றேன். நீ கொஞ்சம் அழுவாய், கத்துவாய், என்னோடு ரெண்டு நாள் பேசமாட்டாய் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். நீ மூச்சுவிடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "சரி நைனா" என்றாய். மறுநாளே போட்டோ எடுத்து விளம்பரம் போட்டு, ஆளும் கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார் என்று எனக்கே செய்தி அனுப்பினாய். பிரச்சினை தீர்ந்தது என்று உன் அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். எனக்கு மட்டும் அந்த மஞ்சள் பொருக்கு மனசை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் நேற்று அந்த மஞ்சளைப் பற்றிக் கேட்டேன். "வீடியோ பாத்தேம்மா. நான் வெக்கச் சொன்ன சந்தனமா அது?" "ஆமா நைனா" என்றாய். "சிக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியும் நைனா." "தெரிஞ்சுக்கினே ஏம்மா தொடைக்காம போன?" என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதிலேயே நிற்கிறது. "நீதான நைனா தொடைக்கக் கூடாதுன்ன." ரொம்ப சாதாரணமாக, உப்பு போட்டாயா என்று கேட்டால் போட்டேன் என்று சொல்வதுபோலச் சொன்னாய். அந்த ஆள் உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன சொல்லிச் சிரித்தாய் என்று கேட்டேன். "இது இன்னான்னு கேட்டாரு. எங்க அப்பாவோட ஆசீர்வாதம்னு சொன்னேன்" என்றாய். உன் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

துப்பாக்கியைப் பார்த்து வந்தது என்ன அதிர்ச்சி, இதுதான் அதிர்ச்சி. மாசக்கணக்கில் தூக்கம் கெட்டுப் பழகினாய். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தாய். ஒரு ஈரத்துணியால் ஒரு நிமிஷம் துடைத்திருந்தால் போதும், நான் என்ன செஞ்சியிலிருந்து எட்டிப் பார்க்கவா போகிறேன்? தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே அதை இடுப்பில் சொருகிக்கொண்டு போய் நின்றிருக்கிறாய். நான் எப்படியம்மா உன்னை இப்படி வளர்த்தேன்? நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு சாயங்காலம் கூட்டு ரோட்டில் உன்னை இறக்கிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் இங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலு எட்டு தள்ளி டீக்கடைக் கூரை இருந்தும், இறக்கிவிட்ட இடத்திலேயே புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றாய். இத்தனை வருஷமும் எத்தனை பேரிடம் அதைச் சொல்லிப் பீற்றியிருக்கிறேன் தெரியுமா? பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னேன். என் பெண் பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தாண்ட மாட்டாள் என்றேன், மாப்பிள்ளையின் அம்மா மகிழ்ந்துபோய் உன் போட்டோவை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். நேற்றிலிருந்து அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. குழந்தைக்குச் சளி பிடிக்குமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றாமல், பெருமை மட்டும் எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

அந்த வீட்டார் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர்கள், அவ்வளவுதான். நானும் பயந்தவன்தான். ஆனால் துப்பாக்கியில் ஆரம்பித்தது துப்பாக்கியோடு நிற்காது தேனு. நாளைக்கு நைட் டியூட்டி வேண்டாம் என்பார்கள், சரி என்பாய். வேலையே வேண்டாம் என்பார்கள், அதற்கும் சரி என்பாய். உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாய், எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால் வாயை மூடிக்கொள்வாய். இரும்புத் தட்டு விழாமல் நீ நின்றதை நான் பார்த்துவிட்டேன். அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

வியாழக்கிழமை அந்த ஆள் வருவதற்குள் நீ இதைப் படித்துவிடுவாய். துப்பாக்கியை விற்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு "சரி நைனா" வரும், எனக்கு அது வேண்டாம். கல்யாணத்தை நிறுத்து என்றும் சொல்லவில்லை, நடத்து என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையோடு நீ ஒரு தடவையாவது தனியாக இதைப் பேசினாயா என்றுகூட எனக்குத் தெரியாது. தாய்மாமனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. விற்றாயிற்றா என்று இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் தட்டோடு வந்து உட்காரும்போது நீ என்ன சொல்கிறாயோ அதை வார்த்தை மாறாமல் சொல்வேன். அவர்கள் எழுந்து போனாலும் சரி, உன் அம்மா என்னோடு பேசாமல் போனாலும் சரி. மண்டபத்துக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதையெல்லாம் நீ யோசிக்காதே.

எனக்குப் பிடித்த படிப்பைப் படித்தாய், நான் காட்டிய ஊருக்குப் போனாய், நான் சொன்ன ஸ்பிரிங்கைப் போட்டாய், நான் பார்த்த பையனுக்குத் தலையசைத்தாய். உன்னிடம் கேட்க வேண்டியதை ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை என்பது நேற்றுதான் எனக்கு உறைத்தது. கேட்க வெட்கமாக இருக்கிறது, என்ன சொல்வாயோ என்று பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். உனக்கு இன்னா வேணும்மா?